அப்பாவின் ஃப்ரிட்ஜும் மாப்பிள்ளையின் பக்கெட்டும்

சென்ற வாரம் சரோஜினி நகர் க்வார்ட்டர்ஸில் தண்ணீர் வராத கோடையோடு நிறுத்தியிருந்தேன். தண்ணீர் இன்னும் வரவில்லை, அது கிடக்கட்டும். இந்த வாரம் என் கல்யாணத்துக்குப் போய்விடலாம். என் பிள்ளைகள் இரண்டு பேரும் டெல்லியில் பிறந்தவர்கள், தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, கால்களை. சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள். அவை எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், அப்பாவின் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே ரப்பர் செருப்பு போட்ட இன்னும் இரண்டு கால்கள். அவை என் அப்பாவுடையவை.

நான் மஞ்சள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் கேசரித் தட்டோடு உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஹாலில் பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் என் அம்மாவும் இருந்தார்கள். பிள்ளையைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேற்படி கால்கள்.

"முரளி எங்கே?" என்று அவருடைய அப்பா கேட்டார்.

"கார் பார்க்கப் போயிருக்கான்" என்றார் அவருடைய அம்மா, ஏதோ அதற்காகத்தான் கரோல் பாக்கிலிருந்து கிளம்பி வந்த மாதிரி.

கேசரி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதை மறுபடியும் சூடு பண்ணியிருக்கலாம்.

ஃப்ரிட்ஜ் வாங்கப் போன கதை

அப்பாவின் காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா ஒரு மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். அந்த நாளில் சாணக்யபுரியில் தூதரகத்துக்காரர்கள் ஊர் மாறிப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். வெளிநாட்டு மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, கம்பளம் என்று டெல்லி குமாஸ்தா வீடுகளில் இருந்த அத்தனை சீமைச் சாமானும் அப்படி வந்தவைதான். ஒரு துரை கிளம்புகிறார், நல்ல ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று ஆபீசில் யாரோ சொல்ல, அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து அப்பாவை அனுப்பினாள்.

அப்பா சாயங்காலம் திரும்பி வந்தார். பச்சை நிறத்தில், நீள மூக்கோடு, தலையில் கூரையே இல்லாமல், இரண்டே இரண்டு சீட்டோடு ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். காலனியே வாசலுக்கு வந்துவிட்டது.

அம்மா காரை முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். "ஃப்ரிட்ஜ் எங்கே?" என்றாள்.

"இதைப் பாரேன், எப்படி இருக்கு!"

"ஃப்ரிட்ஜ் எங்கேன்னா?"

அன்றிலிருந்து அம்மா அந்தக் காரைக் கார் என்று சொன்னதே இல்லை. "உங்கப்பா ஃப்ரிட்ஜைத் துடைச்சிண்டிருக்கார்", "ஃப்ரிட்ஜ்ல ஏறிண்டு எங்கேயோ போயாச்சு" என்றுதான் சொல்லுவாள். அதில் ஏறவே மாட்டேன் என்றும் சபதம் செய்துவிட்டாள். டெல்லிக் குளிரில் கூரையில்லாமல் அதில் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா வைத்த பெயர் ரொம்பப் பொருத்தம்.

ஆகவே அப்பாவின் பக்கத்து சீட் எனக்கு வந்து சேர்ந்தது. நான் ஒரே பெண். பள்ளிக்கூடம், காலேஜ், அப்புறம் என் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அந்த சீட்டில்தான் போனேன். பின்னிய தலையோடு ஏறி, பேய்த் தலையோடு இறங்குவேன்.

தள்ளுவதில் ஒரு முறை உண்டு

சும்மா ஏறிவிட முடியாது. குளிர்காலத்தில் அந்த இன்ஜின் தானாகக் கிளம்பாது. அப்பா ஸ்டியரிங்கில் உட்காருவார். நான் பின்னால் இடது பக்கச் சக்கரத்துக்கு மேலே தோளைக் கொடுத்துத் தள்ளுவேன். வண்டி ஒரு வேகம் பிடித்து உருளும்போது "விடுப்பா!" என்று கத்துவேன். அப்பா கிளட்ச்சை விடுவார். அது இருமி, தும்மி, உயிர் பெறும்.

உயிர் பெற்றதும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடும். அதனால் அப்பா லேசாக வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமல் பக்கத்து சீட்டை மட்டும் ஒரு தடவை கையால் தட்டுவார். நான் ஓடிப்போய்க் கதவைத் தாண்டிக் குதித்து உட்காருவேன். முதலில் ஸ்கர்ட்டில், பிறகு சல்வாரில், கடைசியில் புடவையில். மாடி வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டி பால்கனியில் நின்று தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாள்.

வேறு யார் தள்ளினாலும் அது கிளம்பாது என்பது காலனி அறிந்த விஷயம். வண்டியில் ஒரு சூட்சுமமும் இல்லை. என் குரலில் "விடுப்பா" கேட்டால்தான் அப்பாவின் கால் கிளட்ச்சை விட்டு எழும். அப்படிப் பழகிவிட்டது.

வேப்பமரத்தடி வாதம்

முரளி ஒரு அரசாங்கக் கம்பெனியில் இன்ஜினியர். பெண் பார்க்க வந்ததே சொந்தக் காரில். அதுவும் புத்தம் புதுசு. தெற்கே எங்கேயோ ஒரு சின்னக் கம்பெனி செய்த இரண்டு கதவுக் கார். பின்பக்கம் சரிந்து இறங்கும், அதற்குக் கூப்பே என்று பேராம். உடம்பு முழுக்க ஃபைபர். ஆபீஸ் லோன் போட்டால் நம்மைப் போன்றவர்களும் வாங்கலாம் என்ற விலை. ஏஷியாட் விளையாட்டுப் போட்டி முடிந்து மேம்பாலமெல்லாம் புதுசாக இருந்த சமயம். ஸ்கூட்டருக்குக் காத்திருந்த ஜனங்கள் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

இரண்டு கார்களும் வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் வாதத்தில் இறங்கினார்கள். நான் ஜன்னலில்.

அப்பா புதுக் காரின் மேல் விரலால் தட்டினார். டொக் டொக்கென்றது. "என்னது, பக்கெட் மாதிரி சத்தம் வரது?"

"ஃபைபர் சார். துருவே பிடிக்காது."

"துரு பிடிக்கறதுக்கு முதல்ல இரும்பு இருக்கணுமேப்பா."

"லிட்டருக்கு உங்க வண்டி என்ன தரது சார்?"

"அதையெல்லாம் கேட்டா அது கோச்சுக்கும்."

"மழை பெஞ்சா?"

"நனைவோம்."

"பின் சீட்?"

"எதுக்கு?"

முரளி இதற்குச் சிரிக்கவில்லை. எதையும் யோசித்துப் பேசுகிற மனிதர். காரைப் பூட்டினால் கைப்பிடியை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். விளக்கு அணைந்ததா என்று முன்னால் போய்க் குனிந்து பார்ப்பார், பிறகு பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார். பட்டப்பகலில்! இப்படி ஒருவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று நான் ஜன்னலில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

பிறகு ஆளுக்கு ஒரு கார் மாற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், கேட்டீர்களா! அப்பா புதுக் காரிலிருந்து முழங்காலைத் தடவிக்கொண்டே இறங்கினார். முரளி எங்கள் காரில் திரும்பி வந்தார். தலைமயிர் அத்தனையும் எழுந்து நின்றது. முகம் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு கணக்குப் பார்க்கிற மனிதர் வாயெல்லாம் பல்லாக, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கினார்.

அங்கேதான் நான் விழுந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும் என்று இருந்தது. ஒரு பழைய காரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறவர் என்னைப் பார்த்தும் ஒரு தடவை சிரிக்க மாட்டாரா? ஆனால் அவர் உள்ளே வந்து, ஆறின கேசரியைத் தலை நிமிராமல் சாப்பிட்டார். "ஏலக்காய் நன்னாருக்கு" என்று தட்டிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வினை. முரளி அப்பாவிடம் மனசாரச் சொன்னார், "உங்க வண்டி பிரமாதம் சார். ஆனா வீட்டுக்குப் போய்ச் சேரணும்னா என் வண்டிதான்."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ரசனை இல்லாத பையன்

நாலு நாளில் சம்மதம் என்று தகவல் வந்தது. "எதைப் பிடிச்சிருக்காம்? என்னையா, காரையா?" என்று கேட்டேன். அம்மா வாயை மூடு என்றாள்.

அப்பா, "பையன் வேண்டாம்" என்றார்.

"என்ன குறை? குடியா, சிகரெட்டா?" என்றாள் அம்மா.

"ரசனை இல்லை."

"ஃப்ரிட்ஜ் வாங்கப் போய் வெறுங்கையோட வந்தவருக்கு ரசனை வேற."

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா" என்றேன். எங்கள் வீட்டில் பெண்கள் அப்படிச் சொல்லுகிற வழக்கமில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா ரொம்ப நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. ஆனா ஜானவாசம் என் கார்லதான் வரணும். இல்லேன்னா பொண்ணு இல்லை."

ஜானவாசம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பெண் வீட்டார் வாங்கிக் கொடுத்த கோட்டு சூட்டில் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு அழைத்து வருவது. ஊரார் பார்த்து, இன்னார்தான் மாப்பிள்ளை என்று அறிந்துகொள்ள. பெண் அந்த ஊர்வலத்தில் கிடையாது. மண்டபத்தில் அலங்காரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

டெல்லியில் திறந்த காருக்கு நம்மவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆர்.கே. புரத்தில் ஒரு மாப்பிள்ளையை ஜீப்பில் நிற்க வைத்தார்கள், பார்த்தவர்கள் ஓட்டுக் கேட்க வருகிறார் என்று நினைத்தார்கள். லோதி காலனியில் ஒருவரைப் பஞ்சாபிகள் மாதிரி குதிரையில் ஏற்றினார்கள். அவர் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்துவிட்டார்.

முரளியின் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி மாமா, கறாரான மனிதர். "புதுசா கார் வாங்கி வெச்சிருக்கோம். என் பிள்ளை எதுக்கு இன்னொருத்தர் ஓட்டை வண்டில வரணும்?" என்றார்.

"கூரை போட்ட கார்ல வந்தா யாருக்குத் தெரியும்? டாக்டர் வந்திருக்கார்னு நினைச்சுப்பா" என்றார் அப்பா.

கடைசியில், மாப்பிள்ளை அப்பாவின் காரில் முன்னால் வருவது, சம்பந்தி மாமா புதுக் காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருவது என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளும்போதே சம்பந்தி மாமா ஒரு குண்டையும் போட்டார். "ஆனா ஒண்ணு. அந்த வண்டி நடுத் தெருவுல நின்னுதுன்னா அது அபசகுனம். அப்படியே திரும்பி கரோல் பாக் போயிடுவோம்."

அப்பா சரி என்றுவிட்டார்! தை மாதம், டெல்லி மூடுபனி, நடை வேகத்தில் ஊர்வலம். அந்த வண்டியை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

இறங்குங்கோ

அன்று சாயங்காலம் மூடுபனி தெருவிளக்கையே தின்றுவிட்டது. மாப்பிள்ளை சூட்டுக்கு மேல் மஃப்ளர், அதற்கு மேல் குரங்குக் குல்லா, அதற்கு மேல் மாலை. ஃபோட்டோக்காரர் குல்லாவைக் கழற்றச் சொன்னாராம், மாப்பிள்ளையின் அம்மா விடவில்லையாம். டெல்லியில் இருந்த ஒரே நாதஸ்வரக் கோஷ்டிதான் முன்னால், கையுறை போட்டுக்கொண்டு வாசிக்க முடியாமல் வாசித்தபடி.

நான் மண்டபத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம் மார்க்கெட் முனைவரை வந்தது. அப்புறம் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேளத்தோடு பஞ்சாபி பாண்டு வாத்தியமும் சேர்ந்து கேட்டது.

மல்ஹோத்ரா ஆன்ட்டி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஜெயா பேட்டீ, ஜல்தி! பாப்பா கீ காடீ பந்த் ஹோ கயீ!"

அப்பாவின் வண்டி நின்றுவிட்டது. எதிரே ஒரு பஞ்சாபிக் கல்யாண ஊர்வலம் வர, அவர்கள் மாப்பிள்ளை குதிரை மேல், நம் மாப்பிள்ளை காரில், இருவரும் நேருக்கு நேர். எங்கள் கார் மரியாதைக்காக நின்றது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, "வாஹ் ஜீ, கியா காடீ ஹை!" என்று காரை மெச்சிச் சுற்றி வந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். சம்பந்தி மாமாவும் ஆட்டத்துக்காகத்தான் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாராம். நம் மாமாக்கள் பத்துப் பேர் தள்ளிப் பார்த்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் "விடுங்கோ, விடுங்கோ" என்று கத்துகிறார்களாம். அப்பாவின் கால் அசையவில்லை.

நான் எழுந்தேன்.

"எங்கேடி போறே? கல்யாணப் பொண்ணு தெருவுக்குப் போறதாவது!" என்று அம்மா கையைப் பிடித்தாள்.

"கல்யாணம் நடந்தாத்தானேம்மா கல்யாணப் பொண்ணு?"

அம்மா கையை விட்டாள். விட்டது மட்டுமல்ல, தன் சால்வையை எடுத்து என் மேல் போர்த்தினாள். "ஓடு" என்றாள்.

ஆன்ட்டி முன்னால், நான் பின்னால், பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாங்க்ரா ஆட்டம் ஓய்ந்திருந்தது. சம்பந்தி மாமா புதுக் காரிலிருந்து இறங்கி, "நின்னுடுத்து! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? முரளி, கீழே இறங்கு. போலாம்" என்று இரைந்துகொண்டிருந்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலேஜ் பரீட்சையில் ஃபெயிலான பையனைப் போல உட்கார்ந்திருந்தார். என் அப்பாவை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஐயோ என்று இருந்தது.

முரளி என் அப்பாவின் பக்கத்து சீட்டில், என் சீட்டில், மாலையும் குல்லாவுமாக இருந்தார். நான் நேரே போய் என் வருங்காலக் கணவரிடம் முதல் முதலாகப் பேசினேன்.

"இறங்குங்கோ. வெயிட் ஜாஸ்தி."

அவர் என்னைப் பார்த்தார். மறு பேச்சுப் பேசாமல் இறங்கினார். இறங்கி, கரோல் பாக் பக்கம் போகவில்லை. மாலையைப் பின்னால் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து, வண்டியின் மேல் கையை வைத்தார்.

"எங்கே பிடிக்கணும்?"

"கையால இல்லை. தோளால."

"டேய், ஜானவாச மாப்பிள்ளைடா நீ!" என்று சம்பந்தி மாமா அலறினார். நாங்கள் தள்ளினோம். பஞ்சாபி மாப்பிள்ளை குதிரை மேலிருந்து "ஜோர் சே!" என்று உற்சாகப்படுத்தினார். வண்டி உருண்டது, வேகம் பிடித்தது.

"விடுப்பா!"

இருமியது, தும்மியது, கிளம்பியது. பனிக்குள் போன அப்பா, வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமல் பக்கத்து சீட்டை ஒரு தடவை தட்டினார்.

என் கால் ஓடப் போய்விட்டது. நான்தான் பிடித்து நிறுத்தினேன். அப்பா இன்னொரு தடவை தட்டினார். அப்புறம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கார் பனிக்குள் போய்விட்டது. இந்த சீட்டுக்குத்தான் இத்தனை பிடிவாதம் பிடித்தாரா? இத்தனை வருஷம் நான் உட்கார்ந்த இடத்தில் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஒரு தடவையாவது ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று!

"மாப்பிள்ளை இங்கே இருக்கான்! நிறுத்துங்கோ!" என்று சம்பந்தி மாமா காரின் பின்னால் ஓடினார். அவர் பின்னால் நாதஸ்வரம், தவில், மாமாக்கள், கடைசியில் மல்ஹோத்ரா ஆன்ட்டி. ஒரு நிமிஷத்தில் தெருவில் நானும் முரளியும் சாவியோடு நின்ற புதுக் காரும்தான் மிச்சம்.

முரளி குல்லாவைக் கழற்றினார். தலைமயிர் எழுந்து நின்றது. "நீங்க தினம் இதைத்தான் பண்றேளா?"

"குளிர்காலத்துல மட்டும்."

சிரித்தார். அதே சிரிப்பு. வேப்பமரத்தடியில் நான் ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தது, இப்போது நேரே என் முகத்துக்கு. அந்தக் குளிரில் எனக்கு வேர்த்தது.

ஆரத்தி யாருக்கு?

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வருகின்றன. கூரையில்லாத கார், உள்ளே மஃப்ளர் கட்டிய ஓர் ஆண். அவ்வளவுதான். "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று பாட்டை ஆரம்பித்து, சுற்றி, பொட்டும் வைத்துவிட்டார்கள். பொட்டு வைத்த பிறகுதான் அது பெண்ணின் அப்பா என்று தெரிந்தது. காரை நிறுத்தினால் செத்துவிடும் என்ற பயத்தில் அவர் வாயைத் திறக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாராம்.

"எனக்குத்தான் மறுபடியும் கல்யாணமோன்னு பயந்துட்டேன்" என்றாள் அம்மா.

பின்னாலேயே புதுக் கார் வந்து நின்றது. ஒரு கதவு வழியாக மாப்பிள்ளையும் மறு கதவு வழியாகப் பெண்ணும் இறங்கினோம். ஜானவாசத்துக்குப் பெண்ணே மாப்பிள்ளையோடு காரில் வந்து இறங்கினது எங்கள் குலத்தில் அதுதான் முதல் தடவை. பெண்கள் மறுபடி ஆரத்தி கரைத்தார்கள்.

சம்பந்தி மாமா வாசல் நாற்காலியில் விழுந்து கிடந்தார். கல்யாணத்தை நிறுத்து என்று சொல்ல மூச்சு வேண்டுமே! மூச்சு வந்தபோது, தன் பிள்ளை தங்கள் புதுக் காரில்தான் வந்து இறங்கினான் என்று யாரோ சொல்ல, முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொல்லலை? கடைசியா நம்ம வண்டிதான்" என்றார். சாஸ்திரிகள் அவசரப்படுத்த, நிச்சயதார்த்தத்துக்கு எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

தள்ள லேசு

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்தது. சாப்பாடு, நலங்கு எல்லாம் முடிந்து, வெயில் சாயும் நேரத்தில் கரோல் பாக் கிளம்பினோம். வாசலில் எல்லோரும் நின்றார்கள். அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டு ஏறுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அழுவதற்குக் கைக்குட்டையும் தயார்.

முரளி சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். இறங்கிப் போய் முன்னால் குனிந்து பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது.

"ஹெட்லைட்" என்றார். "நேத்து சாயங்காலம் அணைக்கவே இல்லை. பாட்டரி போயிடுத்து."

பட்டப்பகலில் விளக்கு அணைந்ததா என்று முன்னாலும் பின்னாலும் குனிந்து பார்க்கிற மனிதர்! என்னோடு வந்து இறங்கிய அன்று மட்டும் மறந்துபோயிருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று என் பக்கமே திரும்பாத குறை எனக்கு அந்த நிமிஷத்தில் தீர்ந்தது.

"வீட்டுக்குப் போய்ச் சேரணும்னா இந்த வண்டிதான்" என்று அப்பா சத்தமாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பாவோ வேட்டியை மடித்துக் கட்டினார். நான் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"நீ உக்காரு" என்றார். "உன் வெயிட்லாம் ஒண்ணுமில்லை."

பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். யாரையும் கூட வரவிடவில்லை. ஃபைபர் கார் உருண்டது. "விடுங்கோ மாப்பிள்ளை!" என்று அப்பாவின் குரல் கேட்டது. கார் கிளம்பிவிட்டது.

கிளம்பினால் நிறுத்தக் கூடாதே! முரளி நிறுத்தவில்லை. நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பா நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. நான் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையையும் சொல்ல முடியவில்லை. கரோல் பாக் வரை அழுதேன். முரளி சிவப்பு விளக்குகளில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே, பாவம், ஒரு கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மல்ஹோத்ரா ஆன்ட்டி வீட்டு ஃபோனில் அம்மா பேசினாள்.

"அப்பா எப்படிம்மா இருக்கா?"

"ஒண்ணும் பேசலை. அந்தப் பக்கெட் தள்ள லேசா இருக்குன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னார்."

"ராத்திரி எப்படி வீட்டுக்குப் போனேள்?"

"ஃப்ரிட்ஜ்லதான்."

"நீயுமா? நீ ஏறவே மாட்டேன்னியே!"

"பக்கத்து சீட் காலியா இருந்தது. அவர் அதையே பார்த்துண்டு உக்காந்திருந்தார். என்ன பண்ணச் சொல்றே?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "அந்தக் குளிர்ல வண்டி கிளம்பாதேம்மா. யார் தள்ளினா?"

"வேற யாரு?" என்றாள் அம்மா. "தோள் ரெண்டும் விண்விண்ணுங்கறது. அமிர்தாஞ்சனத்தை எங்கேடி வெச்சுட்டுப் போனே?"